பிரஷர்காரருக்கு ஒரு ஃபிளக்ஸ்

எங்க ஊர்ல பிள்ளை பொறந்தா ஃபிளக்ஸ், அந்தப் பிள்ளைக்கு மொட்டை போட்டா ஃபிளக்ஸ், காது குத்துனா ஃபிளக்ஸ், பத்தாவது பாஸானா ஃபிளக்ஸ், ஃபெயிலாகித் திரும்ப எழுதப் போனாலும் கூட்டாளிங்க சேர்ந்து ஒரு ஃபிளக்ஸ். இம்புட்டையும் அடிச்சுக் குடுக்குற ஆளு எங்க வீட்டுக்காரரு அழகுபாண்டி. செல்லூர்ல தறிச் சத்தம் ஓயாத ஒரு சந்து, அந்தச் சந்துல கீழ கடை, மேல வீடு. நான் பாண்டீஸ்வரி, அவரு சம்சாரம். எனக்கு வாய் நீளம்னு தெருவுல சொல்லுவாங்க. சொல்லிட்டுப் போகட்டும். இந்த வாய் இல்லைன்னா அந்த மனுசன் என்னைக்கோ படுத்திருப்பாரு.

இந்தத் தொழில்ல டிசைன் பண்றது பெரிய சோலி இல்ல. தலை வைக்கிறதுதான் சோலி. ஒரு காதணி விழாவுக்கு இருவது முப்பது தலை வாட்ஸப்புல வந்து விழும். பாதித் தலை கல்யாணக் கூட்டத்துல நின்னது, பாதி ஆதார் கார்டுல முழிச்சது. எல்லாத்தையும் வெட்டி எடுத்து, கோட்டு சூட்டுப் போட்ட ஒடம்புல ஒட்டணும். தாய்மாமன் தலை பெருசா இருக்கணும். அதுக்கு அடுத்து பெரியப்பன். சித்தப்பன் தலை கொஞ்சம் சிறுத்துப் போச்சுன்னா போதும், "எங்களைப் பாத்தா அம்புட்டு எளக்காரமா இருக்கா?"ன்னு கடை வாசல்ல வந்து நிப்பாங்க. சோத்துல கைய வச்சா போன் வரும். சோப்புப் போட்டுக்கிட்டு இருக்கும்போது போன் வரும். இவரும் லேசுப்பட்ட ஆளில்ல, போன்ல கத்துனா போன் இல்லாமலே அந்தப் பக்கம் கேக்கும்.

போன கார்த்திகையில கடைவாய்ப் பல்லு வலின்னு ரெண்டு நாளா கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டுத் திரிஞ்சாரு. பல் டாக்டரு பல்லைப் புடுங்குறதுக்கு முன்னாடி கையில பட்டையைக் கட்டிப் பார்த்துட்டு, "பல்லு கெடக்கட்டும், உங்களுக்குப் பிரஷர் இருக்கும் போலயே, ஒரு பெரிய டாக்டர்கிட்ட காட்டுங்க"ன்னுட்டாரு. எங்க தெருவுக்குப் பின்னால ஹுமான்னு ஒரு டாக்டரம்மா கிளினிக் வச்சிருக்கு. சின்ன வயசு, ஆனா நிதானம். உக்கார வச்சு, பேச விடாம, ரெண்டு தடவை பாத்துச்சு. மறுவாரம் வரச் சொல்லித் திரும்பவும் பாத்துச்சு. நூத்தி நாப்பத்தாறுக்குத் தொண்ணூத்தி நாலு.

"பயப்படுற அளவுக்கு ஒன்னும் இல்ல அண்ணே. அதுக்குன்னு கண்டுக்காம விட்டுறவும் கூடாது. உப்பைக் குறைங்க. தெனமும் நடங்க. நேரத்துக்குத் தூங்குங்க. முக்கியமா, டென்சனைக் குறைங்க. மூணு மாசம் பாப்போம், எறங்கலைன்னா மாத்திரை ஆரம்பிச்சுருவோம். அதுலயும் தப்பு ஒன்னும் கெடையாது."

சொல்லிட்டு அந்தப் பிள்ளை பேனாவை மூடி வச்சிட்டுக் கேட்டுச்சு: "மனசுல எதையாவது போட்டு உழப்பிக்கிட்டே இருக்கீங்களா?"

"அப்படியெல்லாம் ஒன்னும் இல்லீங்க டாக்டரம்மா."

பொய். பச்சைப் பொய். பக்கத்துல உக்காந்து நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்.

அவருக்கு ஒரே தங்கச்சி, செல்வராணி. சோழவந்தான் பக்கம் வெத்தலைக் கொடிக்கால் ஊர்ல கட்டிக் குடுத்தது. அவ புருசன் விருமாண்டி அண்ணன் தங்கமான மனுசன், ஆனா அவுக அண்ணன் சிவபாண்டி சொன்னா சொன்னதுதான், கெணத்துல குதின்னா குதிச்சிருவாரு. ரெண்டு வருசத்துக்கு முந்தி அவுக புது வீடு பால் காய்ச்சுனாங்க. தங்கச்சி வீட்டு விசேசம்னு இவரு ராப்பகலா ஒக்காந்து, அம்பது தலை வச்சு, வாசலையே மறைக்கிற மாதிரி ஒரு ஃபிளக்ஸ் அடிச்சுக் கொண்டுபோனாரு. கட்டைச் சட்டத்துல இழுத்து வச்சு ஆணி அடிக்கும்போது துணி கொஞ்சம் சுருங்கிப் போச்சு. அடிச்ச ஆணி நேரா சிவபாண்டி அண்ணன் நெத்திப் பொட்டுல எறங்கிருச்சு.

ஊரே பாத்துச்சு. ஒரு கிழவி "நெத்தியில ஆணி அடிச்சா ஆகாதே"ன்னு ஆரம்பிச்சுச்சு. சிவபாண்டி அண்ணன் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வந்து, "எனக்கு நாள் குறிச்சுட்டானா உன் மச்சான்?"ன்னு தம்பியைப் பார்த்து குதிச்சாரு. அந்த நேரத்துல என் வீட்டு ஆளு ஒரு மன்னிப்பைக் கேட்டுட்டு ஆணியப் புடுங்கியிருந்தா முடிஞ்சு போயிருக்கும். புடுங்குனாரா? "அம்புட்டுப் பெரிய தலைய வச்சுக்கிட்டு இருந்தா ஆணி வேற எங்கிட்டுப் போயி விழும்?"னு கேட்டுட்டாரு. அம்புட்டுதான். பந்தியில உக்காராமலே கெளம்பி வந்தோம். அதோட போக்குவரத்து நின்னுச்சு. ராணி போன் பண்ணக் கூடாதுன்னு அங்கிட்டு உத்தரவு. நாமளா பண்ண மாட்டோம்னு இங்கிட்டு வீம்பு.

அப்புறம்தான் ராணிக்குப் பொம்பளைப் பிள்ளை பொறந்துச்சு. தன்ஷிகான்னு பேரு. பேரையே அடுத்தவங்க சொல்லித்தான் தெரிஞ்சுக்கிட்டோம். எங்களுக்குப் பிள்ளை இல்ல. பாக்காத டாக்டர் இல்ல, போகாத கோயில் இல்ல, போதும்னு விட்டுட்டோம். அவருக்கு மாமான்னு சொல்ல இந்த ஒலகத்துலயே இருக்குறது அந்த ஒரு பிள்ளைதான். அந்தப் பிள்ளைக்கு மாசியில காது குத்தப் போறாங்கன்னும், திருப்பூர்ல இருக்குற ராணியோட ஒன்னுவிட்ட அண்ணன் ஒருத்தன் மடியில உக்கார வச்சுக் குத்தப் போறாங்கன்னும் அந்த ஊர்க்காரர் ஒருத்தர் பேனர் அடிக்க வந்த எடத்துல சொல்லிட்டுப் போனாரு. கூடப் பொறந்த மாமன் குத்துக்கல்லு மாதிரி இங்க இருக்கையில எவன் மடியிலயோ உக்கார வச்சாங்கன்னா, அந்த உறவு அதோட அத்துப் போச்சுன்னு ஊருக்குச் சொல்றதுதான். "நல்லாக் குத்தட்டும்"னு சொல்லிட்டு இவரு கம்ப்யூட்டர்ல மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாரு.

ஆனா எனக்குத் தெரியும். யாரோ ஸ்டேட்டஸ்ல வச்ச அந்தப் பிள்ளை போட்டோவை எடுத்து, யாரும் ஆர்டர் குடுக்காமலே ஒரு காதணி விழா டிசைன் பண்ணி வச்சிருந்தாரு. பிள்ளையைச் சுத்திப் பூவா வச்சிருக்காரு. நான் உள்ள போனா படக்குன்னு அதை மூடிட்டு வேற எவனோட தலையவோ எடுத்து வச்சு வெட்டுவாரு. பிரஷர் வராம என்ன செய்யும்?

சரி, அந்த முடிச்சை அவுக்க நம்மால ஆகாது, மத்ததையாவது பாப்போம்னு நான் சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு எறங்குனேன். மொதல்ல ஊறுகாய் ஜாடியைத் தூக்கிப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்தேன். அப்பளம் போச்சு, கருவாடு போச்சு. கருவாடு போன அன்னிக்கு அவரு மொகத்தைப் பார்க்கணுமே, தாலி அறுத்த மாதிரி இருந்துச்சு. "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு பெரியவங்க சும்மாவாடி சொன்னாங்க?"ன்னாரு. "அந்தப் பெரியவங்களுக்கு எம்புட்டுப் பிரஷர் இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டேன். தட்டைப் பக்கத்துல இழுத்துக்கிட்டாரு.

விடியக்காலம் வைகைக் கரை ரோட்டுல நடக்கக் கூட்டிப் போனேன். மொத நாளு நடக்குற எடமெல்லாம் நின்னு நின்னு அடுத்த கடைக்காரன் அடிச்ச ஃபிளக்ஸைப் பார்த்து, "எழுத்துல நிழல் போட்டிருக்கான் பாரு கேணப்பய"ன்னு திட்டிக்கிட்டே வந்தாரு. நடந்ததுல எறங்குன பிரஷர் திட்டுனதுல ஏறிருச்சு. மறுநாள்ல இருந்து ஃபிளக்ஸ் இல்லாத பக்கமாப் போனோம். மதுரையில அப்படி ஒரு பக்கத்தைத் தேடிக் கண்டுபிடிக்கிறதுக்கே நல்ல நடை ஆச்சு.

அடுத்தது போன். சாயங்காலம் ஏழு மணி ஆயிட்டா கடைப் போனு என் கைக்கு வந்துரணும்னு சட்டம் போட்டேன். மொத நாளே ஒருத்தன் கூப்பிட்டான்.

"அக்கா, எங்க மாமா தலை சின்னதா இருக்குக்கா, பெருசாக்கச் சொல்லுங்க."

"உங்க மாமா தலை அம்புட்டுத்தான் வரும். இன்னும் பெருசா வேணும்னா அவரையே கூட்டியாந்து ஃபிளக்ஸுக்குப் பக்கத்துல நிக்க வைங்க."

போனை வச்சேன். திரும்பிப் பார்த்தா, இவரு கட்டில்ல உக்காந்து வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாரு. அவரு அப்படிச் சிரிச்சு நான் பாத்து எம்புட்டு நாளாச்சு. அன்னியில இருந்து அது ஒரு வேடிக்கையாவே ஆகிப்போச்சு. ஏழு மணிக்கு மேல நான் பேசுறதைக் கேக்குறதுக்குன்னே சாப்பாட்டுத் தட்டோட பக்கத்துல வந்து உக்காருவாரு. எனக்கும் தெனம் நாலு பேரைத் திட்டுனதுல ஒடம்பு நல்லா லேசாத்தான் இருந்துச்சு. அது எப்படின்னு டாக்டரம்மாகிட்டக் கேட்டேன், வாய் விட்டுச் சிரிச்சுச்சு.

அந்தம்மா மூச்சுப் பயிற்சி ஒன்னும் சொல்லிக் குடுத்துச்சு. மூக்கால பைய இழுத்து, அதைவிட இன்னும் பையப் பைய விடணும். அப்புறம் கைகாலை நீட்டி அசையாம மல்லாக்கப் படுக்கணும். தறிச் சத்தம் காதுல விழாம இருக்க ரெண்டு காதுலயும் பஞ்சு வச்சு, கண்ணு மேல ஈரத் துண்டு ஒன்னையும் போட்டுக்கிட்டுப் படுப்பாரு. ஒரு மாசத்துக்கப்புறம் பாத்தப்ப நூத்தி நாப்பதுக்கு வந்திருந்துச்சு. ஆனா அதுக்குக் கீழ போக மாட்டேன்னு அடம் பிடிச்சுச்சு.

இந்த நேரத்துலதான் டீக்கடை ஜலீல் அண்ணன் ஒரு காரியம் பண்ணுனாரு.

ஜலீல் அண்ணன் கடை எங்க சந்து முக்குல. இவருக்குப் பள்ளிக்கூடத்துல இருந்தே கூட்டாளி. பிரஷர்னு கேள்விப்பட்டதுல இருந்து "மாப்ள, டீல சீனியைக் குறைக்கவா, உப்பைக் குறைக்கவா?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்த மனுசன். தை மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழமை, மல்லித்தழை வாங்க முக்குக்குப் போறேன், ஒரு கூட்டம் அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்குது. நானும் பாத்தேன். யாத்தீ! ரெண்டு ஆள் ஒசரத்துக்கு என் புருசன். பத்து வருசத்துக்கு முந்தி எடுத்த போட்டோ. பின்னால நீல வானம், வெள்ளை மேகம், ரெண்டு பக்கமும் வெள்ளைப் புறா பறக்குது. கீழ எழுதியிருக்கு: "ரத்தக்கொதிப்பை அடக்கப் புறப்பட்ட செல்லூர் சிங்கமே! விரைவில் பூரண நலம் பெற வாழ்த்தும்..." அதுக்குக் கீழ ஜலீல் அண்ணன் தலையோட சேர்த்து எட்டுத் தலை.

"ஏண்ணே, உங்களுக்கெல்லாம் கொஞ்சமாவது அறிவிருக்கா? பிரஷருக்கு எவனாச்சும் ஃபிளக்ஸ் அடிப்பானா?"

ஜலீல் அண்ணன் டீ ஆத்துறதை நிறுத்திட்டு, மொகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னாரு. "இல்ல தங்கச்சி. ஊருக்கெல்லாம் அடிச்சுக் குடுக்குறான். அவனுக்குன்னு இதுவரைக்கும் ஒருத்தனும் ஒரு ஃபிளக்ஸ் அடிக்கலையேன்னு மனசு கேக்கல. பாசத்துல பண்ணிட்டோம். அவனுக்குத் தெரியக் கூடாதுன்னு ஆரப்பாளையத்துல போயி வேற கடையில அடிச்சோம்."

என்னத்தைச் சொல்ல? பாசம்னு சொன்னவனைச் செருப்பால அடிக்கவா முடியும்? அதுக்குள்ள எங்க வீட்டுக்காரரும் வந்துட்டாரு. அண்ணாந்து ரொம்ப நேரம் பாத்தாரு. "எவன் வெட்டுனது இந்தத் தலைய? காதுல பாதியைக் காணோம். புறா எதுக்குடா? அது அஞ்சலிக்குப் போடுற பேக்ரவுண்டுடா!"ன்னாரு. கண்ணு கலங்கிப் போச்சு மனுசனுக்கு.

கலங்குனதோட நின்னிருந்தா நல்லா இருந்திருக்கும். ஃபிளக்ஸைப் பாத்த ஊரு சும்மா இருக்குமா? ஒன்பது மணியில இருந்து வெசாரிக்க ஆளு வர ஆரம்பிச்சுருச்சு. மாதுளை, சாத்துக்குடி, ஹார்லிக்ஸ் பாட்டில். பூண்டைப் பச்சையா மெல்லுங்கிறாரு ஒருத்தர், முருங்கைக்கீரைத் தண்ணிங்கிறாரு இன்னொருத்தர். "எங்க சகலைக்கும் இப்படித்தான் லேசாத்தான் இருந்துச்சு, பேசிக்கிட்டே இருந்தவரு பொசுக்குன்னு சாஞ்சுட்டாரு"ன்னு ஆறுதல் சொல்லிட்டுப் போறாரு ஒரு புண்ணியவான். உக்கார எடம் பத்தலைன்னு ஜலீல் அண்ணன் கடையில இருந்து பிளாஸ்டிக் சேர் கொண்டாந்து சந்துல போட்டாரு. எங்க வீட்டுப் படி பூரா செருப்பு. இவரு மொகம் வெளுத்துக்கிட்டே போகுது. "போதும் சாமி, நீங்க உள்ள போயி அந்த மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் படுங்க"ன்னு அனுப்பிட்டு, நான் நேரா முக்குக்குப் போயி ஃபிளக்ஸைக் கிழிச்சு எறக்குனேன்.

எறக்கி என்ன பண்ண? அதுக்கு முன்னாடியே சோழவந்தான் பஸ்ஸுல போன ராணி ஊர்க்காரம்மா ஒன்னு ஜன்னல் வழியா பாத்திருக்கு. எழுத்தைப் படிக்க நேரம் ஏது? ஆளு மூஞ்சியையும் புறாவையும் பாத்திருக்கு. நேரா ராணி வீட்டுக்குப் போயி, "தாயி, உங்கண்ணனை செல்லூர் முக்குல ஃபிளக்ஸுல வச்சுட்டாங்களே, எனக்கு நெஞ்சே ஆறலையே"ன்னு சொல்லியிருக்கு.

நான் படியில ஏறுறேன், பின்னால ஒரு ஓலம். ராணி. தலைவிரி கோலமா ஆட்டோவுல இருந்து எறங்கி ஓடி வாரா. சந்துல சேரு, படியில செருப்பு, கூட்டமா ஆளு. அவளுக்கு வேற என்ன தோணும்? "எண்ணே... என்னைய விட்டுட்டுப் போயிட்டியேண்ணே!"ன்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டு, நான் "ஏ ராணி, நில்லுடி, அட நில்லு"ங்கிறதைக் காதுல வாங்காம உள்ள ஓடுறா. அங்க என்னடான்னா, நடுக் கூடத்துல வெள்ளை வேட்டியோட, கண்ணுல துண்டு, காதுல பஞ்சு, அசையாம நீட்டிப் படுத்திருக்காரு எங்க வீட்டுச் சிங்கம். விழுந்தா பாருங்க அவரு மேல!

பஞ்சு வச்ச காதுல எதுவும் கேக்காத மனுசன் மேல பொத்துன்னு ஒரு ஆள் விழுந்தா என்ன ஆகும்? "ஆத்தீ!"ன்னு அலறி எந்திரிச்சாரு. அவரு எந்திரிச்சதைப் பாத்து ராணி அலறுனா. ரெண்டு பேரும் அலறுனதைக் கேட்டு டீத் தட்டோட வந்த ஜலீல் அண்ணன் தட்டைக் கீழ போட்டாரு. செத்த நேரத்துக்கு யாரு எதுக்குக் கத்துறாங்கன்னே தெரியல. அப்புறம் ராணி அவரு கன்னத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சுத் தடவிப் பாத்தா. உசுரு இருக்குன்னு உறுதியானதும் பளார் பளார்னு முதுகுல வச்சா. "உசுரோட இருந்துக்கிட்டா ரெண்டு வருசமா என்கிட்டப் பேசல? பிள்ளை பொறந்தப்ப எட்டிப் பாத்தியாண்ணே? செத்தாத்தான் நான் வரணுமா?"

இவரு வாங்குன அடியெல்லாம் வாங்கிக்கிட்டு, சின்னப் பிள்ளையாட்டம் அழுதுக்கிட்டு நிக்கிறாரு. நானும் அழுதேன். சொல்றதுக்கென்ன.

அப்பத்தான் வாசல்ல நெழலாடுச்சு. விருமாண்டி அண்ணன். வேர்த்து ஒழுக பைக்குல வந்து எறங்கி நிக்கிறாரு. கையில ஒரு ஆள் தூக்கமாட்டாத ரோசாப்பூ மாலை. உள்ள பாத்தா மச்சான் நட்டமா நிக்கிறாரு. மாலையை எங்க வைக்கிறதுன்னு தெரியாம முன்னால பிடிக்கிறாரு, பின்னால மறைக்கிறாரு.

"மாப்ள, யாருக்கு மாலை?"ன்னு மூக்கை உறிஞ்சிக்கிட்டே கேட்டாரு எங்க ஆளு.

"உங்களுக்குத்தான் மச்சான்."

கூடத்துல எழுந்த சிரிப்புல தறிச் சத்தம் அமுங்கிப் போச்சு. ஜலீல் அண்ணன் ஓடிப்போயி அந்த மாலையை வாங்குனாரு; அவரு கடையில மாட்டுறதுக்குச் சாமி படம் ஏது? கடைசியில பிள்ளையார் கோயில்ல குடுத்துட்டு வந்தாரு.

விருமாண்டி அண்ணன் கண்ணும் செவந்துதான் கெடந்துச்சு. "வழி பூரா அழுதுக்கிட்டே வந்தேன் மச்சான்"ன்னாரு. காப்பியைக் குடிச்சாரு. குடிச்சு முடிச்சதும் பழைய வீம்பு மெதுவா எட்டிப் பாத்துச்சு. "ஆனா ஒன்னு. எங்கண்ணனைச் சபையில வச்சு நீங்க சொன்னது தப்பு. அவருகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டாத்தான் பிள்ளை உங்க மடியில உக்காரும். அண்ணனை மீறி நான் ஒன்னும் செய்ய முடியாது."

இவரு கழுத்து நரம்பு விரல் தண்டிக்குப் பொடைச்சுக்கிட்டு வருது. வாயத் தொறந்தாருன்னா போச்சு, இனி இந்த ஜென்மத்துக்கு ராணி இல்ல, அந்தப் பிள்ளையும் இல்ல. "ஏங்க"ன்னேன். அவரு என்னைப் பாக்கல. மூக்கால பைய இழுத்தாரு. பையப் பைய விட்டாரு. இன்னொரு தடவை இழுத்தாரு. விருமாண்டி அண்ணன் பயந்து போயி, "மச்சான், நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?"ன்னு எந்திரிச்சாரு.

"உக்காருங்க மாப்ள. நாளைக்கே வாரேன். பெரிய மச்சான்கிட்ட நான் கேக்குறேன்."

கட்டி வந்த நாள்ல இருந்து அந்த வாயில இருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்ல.

மறுநா போனோம். சிவபாண்டி அண்ணன் கொடிக்கால் ஓரமா கட்டில்ல உக்காந்திருந்தாரு. இவரு போனதும் நேரா, "பெரிய மச்சான், அன்னிக்கு நான் பேசுனது தப்பு. ஆணி அடிச்சதும் என் கைதான். மனசுல வச்சுக்காதீங்க"ன்னாரு. அந்த மனுசன் மீசையைத் தடவுனாரு. அப்புறம், "பிரஷராமே உனக்கு? எம்புட்டு?"ன்னாரு. சொன்னோம். "பூ! இம்புட்டுதானா? எனக்கு நூத்தி எழுவது இருந்துச்சுடா. அஞ்சாறு வருசமா மாத்திரை ஓடுது. உன் ஆணியால அன்னிக்கு ஏறுனது எறங்கவே ஒரு வாரம் ஆச்சு"ன்னு சட்டைப் பையில இருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டுனாரு. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் உப்பு, கருவாடு, தூக்கம்னு பங்காளிங்க மாதிரி பேச ஆரம்பிச்சுட்டாங்க. கெளம்பும்போது அவரு ஒன்னே ஒன்னு கேட்டாரு. "காதணி விழா ஃபிளக்ஸுல என் தலை எங்க வரும்?"

"நடுவுல, மச்சான். ஆணி எட்டாத எடத்துல."

மூணு மாசம் முடிஞ்சு ஹுமா டாக்டரம்மாகிட்டப் போனோம். நூத்தி முப்பதுக்கு எம்பத்தி நாலு. "மாத்திரை இப்போதைக்கு வேணாம். ஆனா நடையை விட்டுறாதீங்க, கருவாட்டைத் தொட்டுறாதீங்க, மாசம் ஒருக்கா வந்து காட்டுங்க. கூடுச்சுன்னா அடம் பிடிக்காம மாத்திரை போட்டுக்கணும்"னு கறாராச் சொல்லிட்டு, "அப்படி என்னதான் பண்ணுனீங்க?"ன்னு கேட்டுச்சு. இவரு, "ஒருத்தர் நெத்தியில இருந்து ஆணியப் புடுங்குனேன் டாக்டரம்மா"ன்னாரு. அந்தப் பிள்ளை என்னையப் பாத்து முழிச்சுச்சு. நான் பிறகு சொல்றேன்னு கையைக் காட்டிட்டு வந்துட்டேன்.

மாசியில குலசாமி கோயில்ல காது குத்து. உருமி மேளத்தோட, தட்டுத் தட்டா சீர் எடுத்துக்கிட்டு நாங்க முன்னால போக, ஜலீல் அண்ணன் குடும்பத்தோட பின்னால வந்தாரு. இவரு பட்டு வேட்டியில, அவரே அடிச்ச ஃபிளக்ஸை ஒரு தடவைகூட நிமிந்து பாக்காம நேராப் போயி மணையில உக்காந்தாரு. ராணி பிள்ளையைத் தூக்கி அவரு மடியில வச்சா. பிள்ளை அவரு மீசையைப் பிடிச்சு இழுத்துப் பார்த்துட்டு, பரவால்லன்னு சாஞ்சு உக்காந்துச்சு. எம்புட்டு நாளு ஏங்குன மடி அது! மனுசன் மூச்சையெல்லாம் மறந்துட்டு, கடைவாய்ப் பல்லு தெரிய இளிச்சுக்கிட்டு இருந்தாரு.

ஆசாரி பக்கத்துல வந்தாரு. ராணி தலையைப் பிடிச்சுக்கிட்டா, விருமாண்டி அண்ணன் காலைப் பிடிச்சாரு, மாமன் கையைப் பிடிச்சாரு, சிவபாண்டி அண்ணன் வாழைப்பழத்தைக் காட்டி வேடிக்கை காட்டுனாரு. நான் கூட்டத்துக்குக் கடைசியில நின்னேன். பிள்ளை பெறாதவ முன்னால போயி நின்னா யாராச்சும் எதாச்சும் சொல்லிருவாங்களோன்னு எனக்குள்ள ஒரு இது. இம்புட்டு வாய் இருந்தும் அந்த ஒரு எடத்துல எனக்கு வாய் வராது.

குத்துனாங்க. வீல்னு கத்துச்சு பாருங்க! மாமன் கையில நறுக்குன்னு ஒரு கடி. ராணி தூக்கப் போனா, அடிச்சுச்சு. அப்பன் கைய நீட்டுனாரு, மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. பிடிச்சு அமுக்குன ஒருத்தரையும் அது மன்னிக்கத் தயாரா இல்ல. கண்ணீரும் மூக்குமா கூட்டத்தைச் சுத்திச் சுத்திப் பாத்துச்சு. பாத்துட்டு, ரெண்டு கையையும் என் பக்கமா நீட்டுச்சு.

நான் பின்னால திரும்பிப் பாத்தேன், வேற யாரையோ கூப்பிடுதுன்னு.

"மதினி, உங்களைத்தான். வாங்க வெரசா!"ன்னு ராணி கத்துனா.

கூட்டம் வழி விட்டுச்சு. நான் போயித் தூக்குனதும் என் தோள்ல மூஞ்சியைப் புதைச்சு, சேலையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, விக்கி விக்கி, அப்படியே அடங்கிருச்சு. இவரு கடிபட்ட கையத் தடவிக்கிட்டே எங்க ரெண்டு பேரையும் பாத்தாரு.

"ஏண்டி, சீர் கொண்டாந்தது நானு, கடி வாங்குனது நானு, பிள்ளை உன்கிட்டயா வரும்?"

நான் பிள்ளையை எறக்கி விடாம அங்கேயே நின்னேன்.